ஒத்தக்கடையிலிருந்து தமுக்கம் வரை

மனிதர்களுக்கு உண்டாகும் பைத்தியங்கள் பல வகை. சங்கீதப் பைத்தியம், சீட்டாட்டப் பைத்தியம், தேர்தல் பைத்தியம் முதலியவை நம் நாட்டில் யாவரும் அறிந்தவை. சேகரிக்கும் பைத்தியம் என்று ஒன்றும் உண்டு. தபால் தலைகளையும் பழைய நாணயங்களையும் தேடி அலைகிறவர்களைப் பார்த்து ஒரு புன்னகை செய்துவிட்டு நாம் நம் வழியே போய்விடுகிறோம். ஆனால், எண்பது வருஷங்களுக்கு முன்னால் யாரோ ஒரு வாலிபன் வியர்வை சொட்டச் சொட்ட அணிந்து, கிழித்து, ஒட்டுப் போட்டு, மறுபடியும் அணிந்த பனியனைப் பெருந்தொகை கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்ளும் கனவான்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னால், நம் வீட்டுப் பாட்டிமார்கள் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். "அந்தத் துணிக்குப் பாத்திரக்காரன் ஒரு கரண்டிகூடக் கொடுக்க மாட்டானே!" என்பார்கள்.

அமெரிக்க தேசத்தில் பழைய கலாசாலைக் கால்பந்துத் தலைக்கவசங்களையும் பனியன்களையும் சேகரிப்பது பெரிய காரியமாகவே நடந்து வருகிறது. அதைப் பற்றிப் பேசுவதற்கு ஒத்தக்கடை எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எதைக் காப்பாற்ற வேண்டும், எதைக் கைவிடலாம் என்ற கேள்விக்கு ஒரு ஜாதி விடை ஒத்தக்கடையில் இருக்கிறது. இன்னொரு ஜாதி விடை அங்கிருந்து மதுரைக்குப் போகும் சாலையின் மறுமுனையில், தமுக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு, அந்த அமெரிக்கக் கனவான்கள் அவ்வளவு பெரிய பைத்தியக்காரர்களாகத் தோன்ற மாட்டார்கள்.

கல்லாய்க் கிடக்கும் யானை

மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில் எட்டுப் பத்துக் கிலோமீட்டர் போனால் ஒத்தக்கடை. ஒற்றைக் கடை என்பதே வாய்மொழியில் ஒத்தக்கடை ஆகிவிட்டது. பெயரை நம்பி, ஒரே ஒரு கடையும் ஒரு புளியமரமும் இருக்கும் என்று எண்ணிப் போகிறவன் ஏமாந்து போவான். பேருந்துகளின் சத்தமும், கடைகளின் வரிசையும், சந்தைக்கு வரும் ஜனங்களின் கூட்டமும் ஊரின் பெயரைப் பொய்யாக்கிவிட்டன. பொய்யாகாமல் நிற்பது ஒன்றுதான், அதுவே யானைமலை.

ஒரு பெரிய யானை துதிக்கையை முன்னால் நீட்டிப் படுத்துக் கிடப்பது போல, மரம் செடி இல்லாத மொட்டைப் பாறையாக அந்த மலை நீண்டு கிடக்கிறது. காலையில் சாம்பல் நிறமாகவும் மாலை வெயிலில் செந்நிறமாகவும் தோன்றும். மதுரையை அழிக்கச் சமணர் ஏவிய யானையைச் சொக்கநாதர் நரசிங்கக் கணை எய்து வீழ்த்தினார் என்றும், அது கல்லாய்ச் சமைந்தது என்றும் திருவிளையாடற் புராணம் கூறுகிறது. ஆனால் மலையோ யாரிடமும் பகை பாராட்டவில்லை. சமண முனிவர் படுத்த கற்படுக்கைகளும் தீர்த்தங்கரர் திருவுருவங்களும் அதன் உடம்பிலேயே இருக்கின்றன. கற்படுக்கைக்கு மேலே சுமார் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழ் எழுத்து வெட்டியிருக்கிறது. அந்தக் காலத்திலேயே இந்த மலைக்கு யானையின் பெயர்தான்.

மலையின் மற்றொரு பக்கத்தில் நரசிங்கம் என்னும் ஊர். அங்கே பாறையைக் குடைந்து நரசிங்கப் பெருமாளுக்குக் கோயில் எடுத்திருக்கிறார்கள். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரியாகிய மாறன் காரி கி.பி. 770-ஆம் ஆண்டில் அதைச் செய்வித்தான். வேலை முடியுமுன் அவன் காலமாகிவிட, அவன் தம்பி மாறன் எயினன் மந்திரி பதவிக்கு வந்து முகமண்டபத்தைக் கட்டி முடித்தான். இந்தச் செய்தியை வட்டெழுத்தில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அண்ணன் தொடங்கினான், தம்பி முடித்தான் என்ற ஒரு குடும்பச் செய்தி ஆயிரத்து இருநூறு வருஷங்களுக்குப் பிறகும் நமக்குத் தெரிகிறது! கல்லில் எழுதியதனால் அல்லவா?

கல்லும் தானாகவே பிழைத்துக் கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010-ஆம் ஆண்டு வாக்கில் யானைமலையில் சிற்ப நகரம் ஒன்று அமைக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, சுற்றுவட்டாரத்துக் கிராம ஜனங்கள் எதிர்த்து நின்றார்கள். யோசனை கைவிடப்பட்டது. கல்லுக்கும் காவலர் வேண்டியிருக்கிறது. அப்படியானால் துணியின் கதி என்ன?

மலையடிவாரத்து வாலிபர்கள்

இந்தக் கேள்வி நமக்குத் தோன்றக் காரணம் மலையடிவாரத்திலேயே இருக்கிறது. 1965-ஆம் ஆண்டில் தொடங்கிய விவசாயக் கலாசாலை யானையின் நிழலில் பரந்து கிடக்கிறது. நெல்லும் பருத்தியும் ஆராயும் இடம் அது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். படிக்கும் இடத்தில் விளையாட்டும் இல்லாமல் போகாது. ஒத்தக்கடையில் மட்டும் என்ன? மதுரை வட்டாரத்தில் எத்தனை கலாசாலைகள், எத்தனை உயர்தரப் பாடசாலைகள்! ஒவ்வொன்றிலும் வருஷந்தோறும் கோஷ்டிகள் சேர்கின்றன. நிறத்துக்கொரு பனியன், முதுகிலே ஓர் இலக்கம். பந்தயத்தில் ஜயித்தால் வெள்ளிக் கோப்பை பிரின்சிபால் அறைக்குப் போகிறது. புகைப்படம் சுவரில் ஏறுகிறது. பனியன் எங்கே போகிறது?

அதன் ஜாதகத்தை யாரும் கணித்துச் சொல்லிவிடலாம். மூன்று வருஷம் மைதானம். பிறகு ஊரிலே தம்பிக்கு. பிறகு கிணற்றடியில் சைக்கிள் துடைக்க. கடைசியில் சமையலறையில் சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணி. சற்றே நல்ல நிலையில் இருந்தால், பழைய புடவைகளோடும் வேஷ்டிகளோடும் சேர்ந்து, தெருவில் கூவி வரும் பாத்திரக்காரனின் மூட்டைக்குள் போய், அதற்குப் பதிலாக ஓர் எவர்சில்வர் கிண்ணம் வீட்டுக்கு வருகிறது. நம் குடும்ப ஸ்திரீகளின் சிக்கனத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் அந்தக் கிண்ணத்தின்மேல் பெயரை வெட்டி வைக்கிறோமே, பனியனை அணிந்தவனின் பெயரை எங்கே வெட்டி வைத்தோம்?

தலைப்பாகையில் தொடங்கிய கதை

அமெரிக்கர்கள் இதில் நமக்கு முந்திக்கொண்டார்கள். அவர்களுடைய கால்பந்து நம்முடையது போன்றதன்று. பந்து நீள்வட்டமாக இருக்கும். பெரும்பாலும் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவார்கள். எதிர்க் கட்சியார் ஓடுகிறவன்மேல் பாய்ந்து தரையில் வீழ்த்துவார்கள். அங்கே கலாசாலைகளுக்கிடையே நடந்த முதல் பந்தயம் என்று சொல்லப்படுவது 1869-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் தேதி ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் என்னும் இரு கலாசாலைகளுக்கு நடந்தது. பக்கத்துக்கு இருபத்தைந்து பேர். ரட்கர்ஸ் 6-க்கு 4 என்று வென்றது. அன்று கோஷ்டியை அடையாளம் காட்ட, ரட்கர்ஸ் பிள்ளைகளில் சிலர் சிவப்புத் துணியைத் தலையில் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்களாம். இன்றைய பளபளக்கும் தலைக்கவசங்களுக்கெல்லாம் மூலபுருஷர் ஒரு தலைப்பாகை என்றால், மதுரைச் சீமைக்காரர்களுக்கு அது சந்தோஷமான செய்திதானே!

தலைப்பாகை மண்டையைக் காப்பாற்றவில்லை. 1893-ஆம் ஆண்டில் ராணுவக் கலாசாலைக்கும் கடற்படைக் கலாசாலைக்கும் நடந்த பந்தயத்துக்கு முன்னால், ஜோஸப் ரீவ்ஸ் என்ற கடற்படை மாணவரை, "தலையில் இன்னும் ஓர் உதை விழுந்தால் உயிருக்கோ புத்திக்கோ ஆபத்து" என்று வைத்தியர் எச்சரித்தார். அவர் ஒரு சக்கிலியத் தொழிலாளியிடம் சென்று தலைக்கு ஒரு குல்லாய் தைத்துக்கொண்டு ஆடினார். பிற்காலத்தில் அவர் பெரிய கடற்படைத் தளபதியானார். 1905-ஆம் ஆண்டில் நிலைமை முற்றியது. அந்த ஒரு வருஷத்தில் விளையாட்டினால் இறந்தவர் 18 பேர் என்று சிகாகோ நகரத்துத் தினசரி ஒன்று கணக்குக் கொடுத்தது. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டு கலாசாலைக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். விதிகள் மாறின. ஆயினும் கலாசாலை ஆட்டக்காரர் யாவரும் தலைக்கவசம் அணிந்தே தீர வேண்டும் என்ற விதி வர 1939 வரை ஆயிற்று.

ஆகவே அங்கே ஒரு பழைய தோல் கவசத்தைக் கையில் எடுப்பவன் வெறும் தோலை எடுப்பதில்லை. முதலில் மெல்லிய தோல் குல்லாய். பிறகு உள்ளே கம்பளி மெத்தை வைத்துத் தைத்தது. பிறகு காதுக்குத் துவாரம் விட்டது. 1938-ல் மிச்சிகன் சர்வகலாசாலை நெற்றியில் சிறகு விரித்த மாதிரி வர்ணம் தீட்டியது. 1939-ல் ரிடெல் கம்பெனியார் கொண்டு வந்த பிளாஸ்டிக் கவசம். இந்த வரிசையை அடுக்கி வைத்தால், வாலிபர்களின் மண்டையைக் காக்க ஒரு தேசத்துக்கு எத்தனை காலம் பிடித்தது என்ற சரித்திரம் கண்முன் நிற்கிறது. சட்டப் புத்தகத்தில் இந்தச் சரித்திரத்தைப் படித்தால் கொட்டாவி வரும். நெற்றி பட்ட இடம் கறுத்துப்போன தோலைப் பார்த்தால் கொட்டாவி வராது.

பனியன்களிலும் இப்படித்தான். பழைய நாளில் முரட்டுக் கம்பளியால் பின்னினார்கள். பந்து நழுவாமல் இருப்பதற்காக மார்பில் தோலாலோ தடித்த துணியாலோ பட்டைகள் வைத்துத் தைத்தார்கள். பின்னால் ஒரு காலத்தில், எதிரி பிடித்து இழுத்தால் கிழிந்து அவன் கையோடு போகட்டும் என்றே மெல்லிய துணியில் பனியன் செய்தார்கள்! 1982-ல் கலாசாலைப் பந்தயங்களில் அதைத் தடுத்துவிட்டார்கள். கிழிவதற்கென்றே பிறந்த துணி முழுதாகக் கிடைப்பது அபூர்வம் அல்லவா? ஆகவே அதற்கு மதிப்பு அதிகம்.

தேர்ந்த சேகரிப்பாளர் புத்தம்புதிதாக இருப்பதை விரும்புவதில்லை என்பதே இதில் வேடிக்கை. தையல் எங்கே விட்டது, எந்த நூலால் மறுபடி தைத்தார்கள், முழங்கையில் புல்லின் கறை இருக்கிறதா, உட்புறத்தில் மையினால் எழுதிய பெயர் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தக் காலத்துப் புகைப்படத்தை வைத்துக்கொண்டு, படத்தில் காணும் ஒட்டும் கையிலுள்ள ஒட்டும் ஒன்றுதானா என்று ஒப்பிடுகிறார்கள். ஓலைச் சுவடிக்குப் பிரதிபேதம் பார்க்கிற பண்டிதரைப் போன்ற காரியம் இது. 2014-ல் அட்லாண்டா நகரத்தில் திறந்த கலாசாலைக் கால்பந்துக் கீர்த்தி மண்டபத்தில், எழுநூறுக்கு மேற்பட்ட கலாசாலைகளின் தலைக்கவசங்களை ஒரே சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறார்கள்.

நமக்கும் இருந்தது

அவர்களுக்குப் பணம் இருக்கிறது, செய்கிறார்கள். நமக்குக் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று கேட்பவர் இருக்கலாம். 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் கோஷ்டியார் கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்து வெள்ளைக்காரர்களை 2-க்கு 1 என்று தோற்கடித்துக் கேடயத்தை வென்றார்கள். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடியவர்கள். தேசம் முழுவதும் அன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. பூட்ஸ் போட்டவர்களின் பூட்ஸைக் காட்சிக்கு வைக்கலாம். வெறுங்காலை வைக்க முடியாது. ஆகவே, அந்தக் கோஷ்டியின் பச்சையும் அரக்கும் கலந்த பனியனுக்கு இரட்டை மதிப்பு உண்டு.

நம் சென்னை ராஜதானியையே எடுத்துக்கொள்வோம். எம். ஜே. கோபாலன் ஹாக்கியிலும் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்கும் இங்கிலாந்துக் கிரிக்கெட் யாத்திரைக்கும் ஒரே சமயத்தில் வாய்ப்பு வந்தது. அவர் கிரிக்கெட்டோடு போனார். ஹாக்கிக் கோஷ்டி பெர்லினில் தங்கப் பதக்கம் வென்றது. அந்த மனிதரின் இரண்டு விளையாட்டுச் சட்டைகளையும் அருகருகே மாட்டி வைத்தால், மேற்கொண்டு ஒரு வார்த்தை எழுத வேண்டியதில்லை.

காப்பாற்றத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் தேசத்திலேயே உதாரணம் இருக்கிறது. பல்பீர் சிங் என்னும் ஹாக்கி வீரரை அறியாதவர் இல்லை. சுதந்திரம் பெற்ற மறு வருஷம், 1948 ஆகஸ்டு 12-ஆம் தேதி, லண்டன் மாநகரிலேயே பிரிட்டிஷ் கோஷ்டியை 4-க்கு 0 என்று நாம் வென்றபோது இரண்டு கோல் போட்டவர் அவர். 1956-ல் மெல்போர்னில் நம் கோஷ்டியின் தலைவர். முறிந்த விரலோடு இறுதிப் பந்தயத்தில் ஆடித் தங்கம் கொண்டு வந்தார். விளையாட்டுக் காட்சிசாலை ஒன்று அமையப் போகிறது என்று கேட்டு, 1985-ஆம் ஆண்டில் தமது மெல்போர்ன் தலைவர் கோட்டையும், 36 பதக்கங்களையும், நூற்றுக்கு மேற்பட்ட புகைப்படங்களையும் விளையாட்டு அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார். காட்சிசாலை அமையவில்லை. 2012-ல் லண்டன் ஒலிம்பிக்கின்போது நடந்த ஒரு கண்காட்சிக்காக அவற்றைத் தேடியபோது, அவை இருக்குமிடமே தெரியவில்லை. முதிய வயதிலும் அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 2020-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் தேதி, அந்தக் கோட்டை மறுபடி பார்க்காமலே கண்ணை மூடினார்.

கள்வன் கொண்டுபோனான் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தீயில் எரிந்தது என்றும் நிரூபிக்கவில்லை. நம் தேசத்தில் பல வஸ்துக்கள் அழிவதற்குக் கள்வனோ தீயோ தேவைப்படுவதில்லை. "பழைய கோட்டுத்தானே?" என்று ஒருவர் நினைத்தால் போதும்.

மதுரைச் சீமையின் பனியன்

இனி ஒத்தக்கடையை விட்டு மதுரைச் சாலையில் திரும்புவோம். வழியில் உலகனேரியில் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை. 2004 முதல் நீதி தேடுவோர் இங்கே வருகிறார்கள். அதைத் தாண்டி மாட்டுத்தாவணி. பெயரே பழைய மாட்டுச் சந்தையை நினைப்பூட்டுகிறது. மாடு என்றதும் தை மாதம் நினைவுக்கு வராமல் இருக்குமா?

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று தை முதல் மூன்று தினங்களும் ஜல்லிக்கட்டு நடக்கிறது. முற்காலத்தில் காளையின் கொம்பில் காசு முடிந்த துணியைக் கட்டிவிடுவார்கள். அதை அவிழ்த்துக்கொண்டு வருகிறவன் வீரன். அன்றைக்கே இங்கே பரிசு ஒரு துணிதான் என்பதைக் கவனியுங்கள். இன்று மாடுபிடி வீரர்கள் வைத்தியப் பரிசோதனை முடித்து, இலக்கமிட்ட பனியன் அணிந்து களத்தில் இறங்குகிறார்கள். சுற்றுக்குச் சுற்று பனியனின் நிறம் மாறுகிறது. தலைக்கவசம் கிடையாது; மார்புக் கவசம் கிடையாது. காளையின் கொம்புக்கும் வாலிபனின் விலாவுக்கும் நடுவே இருப்பது அந்த ஒரு பருத்தித் துணிதான்!

2014-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஜல்லிக்கட்டைத் தடுத்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டு வாலிபர்கள் மைதானங்களிலே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். மதுரையில் தமுக்கமும் அவர்களால் நிரம்பியது. புதுச் சட்டம் பிறந்தது. 2023 மே 18-ஆம் தேதி அந்தச் சட்டம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொன்னது. 2024 ஜனவரி 24-ஆம் தேதி அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென்று பெரிய அரங்கம் திறந்தார்கள். அதில் காட்சிசாலையும் உண்டு. ஆகவே இடம் இல்லை என்று இனிச் சொல்வதற்கில்லை. கொம்பு பட்டுக் கிழிந்த பனியன் ஒன்று, அணிந்தவன் பெயரோடும் ஊரோடும் தேதியோடும், அத்தகைய இடத்தில் இருக்க வேண்டும். காளையின் பெயரையும் எழுதி வைத்தால் காளை வளர்த்தவர்களும் சந்தோஷப்படுவார்கள்.

தமுக்கத்தில் ஒரு துணி

தமுக்கம் வந்துவிட்டது. ராணி மங்கம்மாளின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் நாயக்கர் மாளிகை இது. அரச குடும்பத்தார் இங்கிருந்து யானைப் போரும் வேறு வேடிக்கைகளும் கண்டு களித்தார்கள் என்பர். இங்கிருந்து நடந்து போகும் தொலைவிலேயே அமெரிக்கன் கல்லூரி இருக்கிறது. 1881-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் பசுமலையில் தொடங்கிப் பிறகு இங்கே கொண்டு வந்தது. தலைக்கவசக் கால்பந்தின் தேசத்துக்கும் மதுரைக்கும் உள்ள உறவு அவ்வளவு பழமையானது!

ஆனால் நாம் தமுக்கத்துக்கு வந்தது வேறொன்றைக் காண. 1959-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி ஜவஹர்லால் நேரு இந்த மாளிகையில் காந்தி நினைவுக் காட்சிசாலையைத் திறந்து வைத்தார். 1948 ஜனவரி 30-ஆம் தேதி மகாத்மா சுடப்பட்டபோது அணிந்திருந்த வஸ்திரத்தின் ஒரு பகுதியை இங்கே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இரத்தக் கறை படிந்த வெள்ளைத் துணி. அதன் முன்னால் வந்தவர்கள், கையில் குழந்தையை வைத்திருக்கும் தாய்மார்கள் உள்பட, பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். அங்கே பிரசங்கம் செய்ய ஆள் தேவையில்லை.

மதுரைக்கு அந்த வஸ்திரம் வந்து சேர்ந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இதே மதுரையில், மேல மாசி வீதி வீட்டில்தான், மகாத்மா மற்ற உடைகளை விட்டு முழத்துண்டுக்கு மாறினார். ஏழைக் குடியானவனின் உடையை அவர் மேற்கொண்ட ஊரில், அவருடைய கடைசி உடை இருக்கிறது. ஒரு துண்டுத் துணியில் ஒரு தேசத்தின் சரித்திரம் அடங்கும் என்பதை மதுரைக்காரர்களுக்கு வேறு ஊரார் கற்பிக்க வேண்டியதில்லை.

மகாத்மாவின் வஸ்திரத்தையும் ஆட்டக்காரனின் பனியனையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று கோபிக்க வேண்டாம். அந்த வஸ்திரத்துக்கு நிகர் வேறில்லை. ஆனால் அதைக் காப்பாற்றிய கண் இருக்கிறதே, அந்தக் கண்ணைச் சிறிய காரியங்களிலும் செலுத்தலாம் என்பதே நம் விண்ணப்பம். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து பரண்களிலிருந்து சுவடிகளை இறக்கியிராவிட்டால் எத்தனையோ இலக்கியங்கள் செல்லுக்கு இரையாகியிருக்கும். பனியனுக்கு அத்தனை சிரமம்கூட வேண்டாம்.

செய்ய வேண்டியது மிகச் சுலபம். கஞ்சி போடாமல் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். கிழிசலைத் தைக்க வேண்டாம். மடிப்பிலே துணி விட்டுப்போகாமல் சுருட்டி, பழைய மல்லுத்துணியில் சுற்றி, பட்டுப் புடவைக்குச் செய்வது போல வசம்போ வேப்பிலையோ பக்கத்தில் வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் அணிந்தது, எந்தக் கலாசாலை, எந்த மைதானம், எந்த வருஷம், வெற்றியா தோல்வியா என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். சீட்டு இல்லாத பனியன் வெறும் துணி. கலாசாலைகளோ புத்தகசாலையில் ஓர் அலமாரி ஒதுக்கினால் போதும். வருஷத்துக்கு ஒரு பனியன் என்று சேர்த்தாலும் ஒரு தலைமுறையில் அலமாரி நிறைந்துவிடும்.

தை பிறப்பதற்கு முதல் நாள் போகி. பழையவற்றையெல்லாம் வாசலில் குவிக்கும் தினம். நேயர்கள் வீட்டிலும் குவிப்பார்கள். குவியலில் சாயம் போன பனியன் ஒன்று கிடந்தால், தயவுசெய்து முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஓர் இலக்கம் இருந்தால், அதை மாத்திரம் எடுத்து உள்ளே வைத்துவிட்டு மற்றவற்றைப் போட்டுவிடலாம்.